ராணுவத்திலும் சபையிலும் பணியாற்றிய போதகருக்கு எப்படி விடை கொடுப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். 19 வருடம் உங்கள் சபையில் இருந்த போதகர் இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறார். அதற்கு முன்னால் ராணுவத்தில் சாப்ளினாக, அதாவது படைவீரர்களுக்கான போதகராக இருந்தவர். விழாவுக்கான பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. ராணுவ காலத்தையும் சேர்த்துச் சிறப்பிக்க வேண்டும் என்று கமிட்டியில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி அவர் உங்களிடம் பேசியதே இல்லை. என்ன நிகழ்ச்சி வைக்கலாம், என்ன பரிசு கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதற்குள் இன்னொரு கேள்வி கேட்கிறது. ஒரு மனிதர் வாயைத் திறக்காத ஒரு காலத்தை, அவரை நோகடிக்காமல் எப்படி மதிப்பது? பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் 26 வருடம் போதகராக இருந்தேன். அதில் கடைசிப் பத்து வருடம், ஓய்வு பெறும் ஊழியர்களின் பிரியாவிடைகளையும் பொறுப்பு மாற்றங்களையும் ஒழுங்கு செய்யும் வேலையும் என்னிடம் இருந்தது. ராணுவத்தில் நான் பணியாற்றியதில்லை. முன்னாள் ராணுவப் போதகர்கள் நான்கு பேருக்கு விடை கொடுத்திருக்கிறேன். அவர்களோடு பல மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். சபைப் பக்கத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். ராணுவப் பக்கத்தில் ஆவணங்களில் உள்ளதையும் அவர்கள் சொல்லக் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவறு. அந்த நால்வரில் முதலாமவருக்காக ஒரு படத்தொகுப்பு தயாரித்தோம். அவருடைய பழைய நண்பர் ஒருவரிடமிருந்து ராணுவகாலப் புகைப்படங்களை ரகசியமாக வாங்கி, இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று திரையில் போட்டோம். ஒரு படத்தில் ஐந்து இளைஞர்கள் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படம் வந்ததும் போதகர் தலையைக் குனிந்துகொண்டார். ஏற்புரைக்கு எழுந்தவர் இரண்டே வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஐவரில் மூன்று பேரை அடக்கம் செய்தவர் அவர்தான் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபித்திருப்பேனே" என்றார். விழாவில் இன்ப அதிர்ச்சி வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

ராணுவப் போதகரின் வேலை என்ன என்பதைச் சபையார் பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். "போர்க்களத்தில் போராடிய வீரர்" என்று அறிமுகம் செய்வார்கள். அது அவருக்குப் பொருந்தாத புகழ். 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா ஒப்பந்தம், 24ஆம் பிரிவில், படைகளோடு இணைந்த மதகுருக்களை எல்லாச் சூழ்நிலையிலும் மதித்துப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. எதிரியிடம் பிடிபட்டாலும் அவர் போர்க்கைதி ஆகமாட்டார். கைதிகளுக்கு ஆன்மீகப் பணி செய்யத் தேவைப்படும் வரை மட்டும் அவரை வைத்துக்கொள்ளலாம். இந்தப் பாதுகாப்பின் வேர் 1864ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளில் போதகர்கள் ஆயுதம் ஏந்துவதில்லை. குண்டு விழும் இடத்துக்கு வெறுங்கையோடு போய், காயப்பட்டவன் பக்கத்தில் உட்கார்வதுதான் அவர்கள் வேலை. அதை அப்படியே சொல்லுங்கள். அதற்கு வேண்டிய தைரியம் வேறு வகை, அதற்கு வேறு புகழ்மொழி தேவையில்லை.

சாப்ளின் என்ற சொல்லின் கதையும் உங்களுக்கு உதவும். நான்காம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமப் படைவீரர், ஆமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய ஓர் ஏழைக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. பிற்காலத்தில் அந்த அங்கி என்று நம்பப்பட்ட துணியை இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட ஃபிராங்க் அரசர்கள் போருக்குப் போகும்போதும் எடுத்துச் சென்றார்கள். லத்தீனில் சிறு மேலங்கிக்குக் கப்பெல்லா என்று பெயர். அதைக் காத்த குருக்களின் பெயரிலிருந்துதான் சாப்ளின் வந்தது, அது வைக்கப்பட்ட இடத்தின் பெயரிலிருந்து சாப்பல் வந்தது. அங்கி கொடுத்த கதை எவ்வளவு வரலாறு, எவ்வளவு பக்திக் கதை என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சொல்லின் பிறப்பில் சந்தேகமில்லை. வரவேற்புரையில் இரண்டு நிமிடம் இதற்குக் கொடுத்தால், பதக்கங்களை வாசிப்பதைவிட நன்றாக இருக்கும்.

இன்னொரு விஷயம். சபைப் போதகர் தன் சபையாருக்குப் போதகர். ராணுவப் போதகர் அப்படியல்ல, வேறு சபைக்காரன், வேறு மதத்தான், கடவுளே இல்லை என்பவன், எல்லோரும் அவர் கூடாரத்துக்கு வருவார்கள். 1943 பிப்ரவரி 3ஆம் தேதி, அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற டார்செஸ்டர் என்ற கப்பல் கிரீன்லாந்துக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. அதில் நான்கு போதகர்கள் இருந்தார்கள். ஒருவர் மெதடிஸ்ட், ஒருவர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் யூத ரபி. உயிர்காப்பு அங்கிகள் தீர்ந்துபோனதும் நால்வரும் தங்களுடையதைக் கழற்றி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார்கள். வாங்கியவன் எந்த மதம் என்று அவர்கள் கேட்கவில்லை. உங்கள் போதகரும் அந்த மரபில் வந்தவர். அதனால் சபைக்கு வெளியே, வேறு நம்பிக்கை கொண்ட யாருக்காவது அவர் துணையாக இருந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் மேடையில் மூன்று நிமிடம் பேசட்டும்.

அவருடைய பணியில் மிகச் சிறந்த பகுதி ஒருபோதும் மேடைக்கு வராது. இதைக் கமிட்டிக்குப் புரியவையுங்கள். போதகரிடம் அந்தரங்கமாகச் சொன்னது அவரோடு நிற்கும். அமெரிக்க ராணுவ நீதிமன்றங்களின் சாட்சிய விதிகளில் 503ஆம் விதி, ஆன்மீக ஆலோசனைக்காகப் போதகரிடம் சொன்னதை வெளியிடாமல் தடுக்கும் உரிமையை, சொன்னவருக்கே கொடுக்கிறது. சபையிலும் இதே ஒழுங்குதான். தற்கொலை விளிம்பில் நின்ற எத்தனை பேரோடு அவர் விடிய விடிய உட்கார்ந்திருந்தார், எந்தக் குடும்பத்தைப் பிரியாமல் காத்தார் என்பதெல்லாம் அவருக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரியும். பல ராணுவங்களில் மரணச் செய்தி சொல்லப் போகும் அதிகாரியோடு போதகரும் போவார். கதவைத் தட்டி, திறக்கும் தாயின் முகத்தைப் பார்த்தவர் அவர். அப்புறம் உங்கள் சபைக்கு வந்து, உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் நின்றிருக்கிறார். ராணுவ வாழ்க்கை ஒன்று, சபை வாழ்க்கை ஒன்று என்று நிகழ்ச்சியை இரண்டாகப் பிரிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஒரே வேலையை இரண்டு இடங்களில் செய்திருக்கிறார். என்னுடைய முக்கியமான கருத்தும் இதுதான். மனிதர்களின் மிக மோசமான நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் என்பதற்காக அவரைக் கொண்டாடுங்கள். சீருடையும் பதக்கமும் அதற்குப் பின்னால் வரட்டும்.

சரி, அவரிடம் எப்படிப் பேசுவது? நேராகப் போய்க் கேளுங்கள். கமிட்டியாகப் போக வேண்டாம், ஒருவர் அல்லது இருவர் போதும். "ராணுவ காலத்தைப் பற்றி விழாவில் எவ்வளவு பேசலாம்? பேசக் கூடாதது ஏதாவது இருக்கிறதா? அந்தக் காலத்திலிருந்து யாரை அழைக்க விரும்புகிறீர்கள்? யாருடைய பெயரை நினைவுகூர வேண்டும்?" இந்த நான்கு கேள்விகள் போதும். "போர்க்களத்தில் என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். "ஒன்றும் வேண்டாம்" என்று சொன்னால் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு மீறிச் செய்யாதீர்கள். நான் பார்த்த நால்வரில் இருவர், நினைவுகூரும் ஜெபம் மட்டும் போதும் என்றார்கள். ஒருவர் தன் படைப்பிரிவுத் தோழர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆளுக்கு ஆள் மாறும், ஊகிக்க முடியாது.

போரைப் பார்த்த எல்லோருமே உள்ளுக்குள் உடைந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வதும் தவறு. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களோடு பணியாற்றிய ஜானதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1990களில் மனச்சாட்சிக் காயம் என்ற கருத்தை எழுதினார். சரியென்று நம்பியதற்கு மாறானதைச் செய்ததாலோ, அப்படி நடக்கக் கண்டதாலோ உண்டாகும் காயம் அது. இன்று ராணுவப் போதகர்களின் பணியில் இந்தச் சொல் அதிகம் புழங்குகிறது. அந்தக் காயத்தோடு வருபவர்களுக்கு மருந்து கட்டியவர் உங்கள் போதகர். அவருக்கும் அது இருக்கிறதா என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அதனால் எச்சரிக்கையாக மட்டும் இருங்கள். திடீர் வெடிச்சத்தம் வேண்டாம். போர்க்காட்சிக் காணொளி வேண்டாம். மௌன அஞ்சலி வைத்தால் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பதவி, பணியாற்றிய காலம், பதக்கம் இவற்றை அவருடைய பணி விடுவிப்பு ஆவணத்தைப் பார்த்தே அச்சிடுங்கள். நண்பர்கள் நினைவிலிருந்து சொல்வதில் பிழை வரும். பிழையான ஒரு பதக்கப் பெயர் முன்னாள் வீரர்கள் நடுவில் அவருக்குப் பெரிய சங்கடம். எல்லாப் படைகளிலும் பதவி ஒரே மாதிரி இருக்காது என்பதையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் கடற்படையில் போதகர்களுக்குப் பதவிநிலையே கிடையாது. யாரோடு பேசுகிறார்களோ அவருடைய பதவியே தங்களுடையது என்பது அங்கே மரபு. மாலுமியிடம் மாலுமியாகவும் தளபதியிடம் தளபதியாகவும் பேசலாம். ஓய்வு பெற்றவர் எந்த நிகழ்ச்சியில் சீருடை அணியலாம் என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி உண்டு. அவருக்கே அது தெரியும், நீங்கள் வற்புறுத்தக் கூடாது. பதக்கமே இல்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். கொரியப் போரில் சிறைமுகாமில் பட்டினி கிடந்தவர்களுக்காக உணவு திருடிக் கொடுத்து, 1951 மே மாதம் அங்கேயே இறந்த எமில் கப்பான் என்ற கத்தோலிக்கப் போதகருக்கு அமெரிக்காவின் உயரிய வீரப் பதக்கம் 2013இல்தான் கிடைத்தது. அந்த 62 வருடமும் அவரை நினைவில் வைத்திருந்தவர்கள் அவரோடு முகாமில் இருந்த கைதிகள்.

இனி நிகழ்ச்சி. பிரியாவிடை ஆராதனையையும் பாராட்டுக் கூட்டத்தையும் கலக்காதீர்கள். ஆராதனையில் புகழுரை வேண்டாம். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில், மிலேத்து ஊரில் பவுல் எபேசு மூப்பர்களிடம் விடைபெறும் காட்சி இருக்கிறது. முழங்காற்படியிட்டு ஜெபிக்கிறார்கள், அழுகிறார்கள், கப்பல் வரை வழியனுப்புகிறார்கள். அதை வாசிப்பதே போதும். அமெரிக்காவின் ஐக்கிய கிறிஸ்து சபை பயன்படுத்தும் பிரியாவிடை முறையில் ஒரு நல்ல பகுதி உண்டு. போதகர் தன் குறைகளுக்காகச் சபையாரிடம் மன்னிப்புக் கேட்கிறார், சபையார் மன்னித்து, தங்கள் குறைகளுக்கும் மன்னிப்புக் கேட்கிறார்கள். 19 வருடத்தில் கசப்பு இல்லாமலா இருந்திருக்கும்? கட்டட விவகாரமோ, தேர்தலோ, ஒரு குடும்பச் சண்டையோ ஏதாவது இருந்திருக்கும். அதையெல்லாம் மேடையில் மூடி மறைத்துப் புகழ்வதைவிட, இந்த இரண்டு நிமிடம் இருதரப்பையும் லேசாக்கும். வேதாகமத்தில் சாமுவேல் தீர்க்கதரிசியும் விடைபெறும்போது, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருக்கு அநியாயம் செய்தேன், சொல்லுங்கள் என்று ஜனங்களைக் கேட்டார்.

கூட்டத்தில் பேச ஆறு பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருவர் ராணுவ காலத்தவர், ஒருவர் சபை மூப்பர், ஒருவர் அவர் ஞானஸ்நானம் கொடுத்து இப்போது வளர்ந்த பிள்ளை, ஒருவர் துக்கத்தில் அவர் துணை நின்ற வீட்டார், ஒருவர் நான் மேலே சொன்ன வெளி நம்பிக்கைக்காரர். ஆறாவது இடத்தைப் போதகரம்மாவுக்குக் கேளுங்கள். பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். "அன்பானவர், பண்பானவர்" என்று அடைமொழிகளை அடுக்கினால் யாருக்கும் மனதில் நிற்காது. "என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் மாலை ஆறு மணிக்கு வந்தார்" என்றால் நிற்கும்.

போதகரம்மாவையும் பிள்ளைகளையும் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் ஒரு பூங்கொத்தோடு முடித்துவிடுவார்கள். ராணுவக் குடும்பங்கள் இடம் மாறி இடம் மாறி வாழ்ந்தவை. பிள்ளைகள் பள்ளி மாறியிருப்பார்கள், அப்பா பக்கத்தில் இல்லாத பிறந்தநாள்கள் இருந்திருக்கும். அவர் போர்முனையில் இருந்தபோது வீட்டில் காத்திருந்தவர் போதகரம்மா. வேதாகமத்தில், தங்களைக் கொள்ளையிட்ட அமலேக்கியரைத் துரத்திப் போன தாவீதின் ஆட்களில் 200 பேர் களைத்துப்போய் பேசோர் ஆற்றண்டையில் மூட்டை முடிச்சுகளோடு தங்கிவிட்டார்கள். போருக்குப் போன 400 பேரில் சிலர், தங்கியவர்களுக்குப் பங்கு கிடையாது என்றார்கள். இருவருக்கும் சமபங்கு என்று தாவீது கட்டளையிட்டார். அதை அந்த மேடையில் சொல்லிவிட்டு, போதகருக்குக் கொடுக்கும் பாராட்டுப் பத்திரத்தில் அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் தயக்கம். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். விழாவுக்குச் செலவழிக்கும் முன், சபை அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டதா என்று பாருங்கள். சம்பள பாக்கி, ஓய்வூதியத்துக்கான சபையின் பங்கு, எடுக்காத விடுப்பு, எல்லாவற்றையும் பொருளாளரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். போதகர் குடியிருப்பில் வாழ்ந்தவருக்குச் சொந்த வீடு இல்லாமல் இருக்கலாம். காலி செய்ய எவ்வளவு காலம் கொடுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். விமரிசையான விழா நடத்திவிட்டு, பாக்கிக்காக அவரை ஒரு வருடம் அலையவிட்ட சபையை நான் பார்த்திருக்கிறேன். அன்பளிப்பு நிதி திரட்டினால் யார் எவ்வளவு கொடுத்தார் என்று வாசிக்காதீர்கள். வரி விஷயத்துக்குக் கணக்காளரைக் கேளுங்கள், அது நாட்டுக்கு நாடு மாறும்.

பரிசாக நான் எப்போதும் பரிந்துரைப்பது கடிதங்கள். ஒவ்வொரு வீட்டாரும் கையால் ஒரு பக்கம் எழுதட்டும். சிறுபிள்ளைகள் படம் வரையட்டும். ஊர் மாறிப்போன பழைய சபையாருக்கும் தகவல் அனுப்புங்கள். பெட்டியில் போட்டு மூடிக் கொடுங்கள், மேடையில் வாசிக்க வேண்டாம். நான் ஓய்வு பெற்றபோது கிடைத்த நினைவுக் கேடயங்கள் எங்கே என்று எனக்கே தெரியாது. கடிதப் பெட்டி என் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. கடிதங்கள் வந்துசேரச் சோம்பல் இல்லாத சபையிலும் ஆறு வாரம் ஆகும். ஆகவே அறிவிப்பை இந்த ஞாயிறே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, விழாவுக்கு அடுத்த நாள். வேதாகமத்தில் எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்தில் பணி செய்யும் லேவியர் ஐம்பது வயதில் பணியிலிருந்து விலகுகிறார்கள். அதன்பின் பழைய வேலையைச் செய்யாமல், சகோதரருக்கு உதவியாக மட்டும் இருக்கிறார்கள். பல சபைப் பிரிவுகளில், ஓய்வு பெற்றவர் சில காலம் பழைய சபையிலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற ஒழுங்கு உண்டு. திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் புதிய போதகரைத் தாண்டி இவரை அழைத்தால், மறுக்கவும் முடியாமல் வரவும் முடியாமல் இவர்தான் தவிப்பார். விழாவிலேயே மூப்பர் ஒருவர் இதைச் சபையாருக்கு அன்பாகச் சொல்லட்டும், போதகரே சொல்ல வேண்டிய நிலை வரவேண்டாம். ஆனால் நட்பை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு மனிதராக அவரைப் போய்ப் பாருங்கள். படைத்தோழர்களை இழந்த தேதிகள் அவருக்கு இருக்கும். அவர் உங்களிடம் சொல்லியிருந்தால் அதைக் குறித்துவைத்து, அன்றைக்கு ஒரு போன் செய்யுங்கள். புதிதாக ஓய்வு பெற்றவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகள் கடினமாக இருக்கும். முதல் சில மாதம் ஞாயிறு மாலையில் யாராவது அவர் வீட்டுக் கதவைத் தட்டும்படி ஒரு பட்டியல் போட்டு வையுங்கள்.

இப்போதைக்கு உங்கள் முதல் வேலை அந்த நான்கு கேள்விகளோடு அவரைப் போய்ப் பார்ப்பது. போதகரம்மாவும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதினால், நிகழ்ச்சி வரிசையைச் சேர்ந்து யோசிக்கலாம்.